விசா இல்லாமல் வந்த அந்து

7-10-1989, சனி

இன்று நான் ஒரு கராம்பைச் செருப்பால் அடித்துக் கொன்றேன்.

ஒருவரும் பார்க்காமல் இருந்திருந்தால் இந்தக் கொப்பிக்கும் சொல்லியிருக்க மாட்டேன். இவருடைய தம்பி யோகராஜாவும் மனைவி வசந்தமலரும் லண்டனின் மறுபக்கம் சட்டனில் இருந்து வந்து, எங்கள் குசினி மேசையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். மேசை ஓரத்தில் கறுப்பாக ஒன்று இருந்தது. இரண்டு மூன்று கிழமையாக வீட்டுக்குள் அந்துப்பூச்சி பறக்கிறபடியால் எனக்கு இப்போது எதுவும் பூச்சியாகத்தான் தெரிகிறது. கழற்றினேன், ஓங்கினேன், அடித்தேன். யோகராஜாவின் தேத்தண்ணி அவருடைய மடியில். செருப்பைத் திருப்பிப் பார்த்தால், கறிச்சரக்குக் கராம்பு. குசினி முழுக்க வாசம்.

"செத்திட்டுதோ அண்ணி?" என்றார் யோகராஜா, மடியைத் துடைத்தபடி.

"செத்திட்டுது. எட்டாம் நாள் எட்டுச் சிலவுச் சடங்குக்கு நீங்கள் வந்தால் காணும்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். மச்சாள் மட்டும் சிரிக்கவில்லை. மச்சாள் என்றால் இவருடைய அக்கா, அருள்நாயகி. ஊரில் வீடு குண்டில் போன பிறகு இரண்டு வருடம் அங்கும் இங்கும் இருந்துவிட்டு, இந்த ஆவணியில்தான் எங்களிடம் வந்து சேர்ந்தவர். புருஷன் காலமாகிவிட்டார், பிள்ளை இல்லை. எந்த உயிரையும் கொல்ல மாட்டார். கராம்புக்கும் இரங்கினார் போல இருந்தது.

10-10-1989, செவ்வாய்

இன்று ஆறு. குசினியில் நாலு, படியில் ஒன்று, இவருடைய பெனியனில் ஒன்று.

பூச்சியை வடிவாகப் பார்த்தேன். மேல்பாதி சாம்பல், கீழ்ப்பாதி செம்பு நிறம். கல்யாண வீட்டுக்கு உடுத்திக்கொண்டு வந்தது மாதிரி. பறக்கவும் ஒழுங்காகத் தெரியாது. குடித்தவன் மாதிரி அலைந்து அலைந்து வந்து, அடிக்கப் போகும்போது மட்டும் தெளிந்துவிடும்.

14-10-1989, சனி

இந்த வீட்டில் இனித் துடைக்க இடம் இல்லை. அரிசி வாளியைக் கொட்டிப் பார்த்தேன். பருப்பு, பயறு, ரவை, மல்லி, எல்லாவற்றையும் சுளகில் போட்டுப் புடைத்தேன். இரண்டு வண்டு கண்டேன், அந்து இல்லை. குசினி அலுமாரித் தட்டில் ஒட்டியிருந்த தாளைக்கூட உரித்துவிட்டேன். ஆறு மணி நேரம். எங்கள் செவன் கிங்ஸ் பகுதி முழுக்க மத்தியானம் சாப்பிட்டது, நாங்கள் பாணும் பட்டரும் தின்றோம்.

குசினியை விட்டால் மிச்சச் சாமான் தாங்கி அலுமாரியில். மேலே குளியலறைக்குப் பக்கத்தில், சுடுதண்ணித் தாங்கி நிற்கிற அலுமாரி அது. வெள்ளைக்காரர் அதற்குள் துவாய் காயப்போடுவார்கள். எங்களுக்கு அதுதான் வெயில். செத்தல் மிளகாயும் வடகமும் உப்பில் போட்ட தேசிக்காயும் அங்கேதான் காய்கின்றன. எல்லாம் மூடி போட்ட போத்தல். அதற்குள் என்ன பூச்சி வரப்போகிறது. பார்க்கவில்லை.

எனக்கு ஒரு எண்ணம் ஓடுகிறது. மச்சாள் வந்தது ஆவணி. பூச்சி வந்தது புரட்டாதி. மச்சாளின் பெட்டியில் என்ன வந்தது? காய்ந்த பனங்கிழங்கு ஒடியல், பருத்தித்துறை வடை, மிளகாய்த்தூள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கே இந்தக் கணக்கு விளங்குகிறது.

இவருக்குச் சொன்னேன். "சத்தம் போடாதை, அக்காவுக்குக் கேக்கும்" என்றார்.

கேட்டிருக்க வேண்டும். பின்னேரம் மச்சாள் தானே பெட்டியைப் புல்லில் கொண்டுபோய் வைத்து, கவிழ்த்து, தட்டிக் காட்டினார். ஒன்றும் விழவில்லை. ஒரு பழைய பற்றுச்சீட்டு மட்டும் விழுந்தது.

"முட்டை கண்ணுக்குத் தெரியாது மச்சாள்" என்றேன், சிரித்துக்கொண்டு.

19-10-1989, வியாழன்

பூச்சி உருண்டை இரண்டு பக்கெற் வாங்கி, குசினித் தட்டுக்குத் தட்டு வைத்தேன். பூச்சிக்கு அது பிடித்துக்கொண்டது. எங்களுக்குத்தான் பிடிக்கவில்லை. இடியப்பம் பட்டுச்சேலை அலுமாரி மாதிரி மணத்தது. சொதியும் அப்படியே.

"கூறைச்சேலையை அவிச்சனியோ?" என்று இவர் கேட்டார். இந்த வீட்டில் பகிடி விடுகிற வேலை என்னுடையது. அவருக்கு இரண்டாம் தரம் சொதி விடவில்லை.

24-10-1989, செவ்வாய்

ஒட்டுத் தாள் தொங்கவிட்டேன். இரண்டு நாளில் பிடிபட்டவை: அந்து மூன்று, சாதாரண ஈ ஒன்று, இவருடைய தலைமயிர் பதினொன்று. அவரிடம் மிச்சம் இருக்கிற மயிருக்கு இது பெரிய நட்டம்.

மச்சாளின் வேலையைப் பார்க்க எனக்கு விசர் வருகிறது. ஒரு கண்ணாடித் தம்ளரும் ஒரு பழைய நத்தார் வாழ்த்து மட்டையும் வைத்திருக்கிறார். பூச்சி சுவரில் இருந்தால் தம்ளரால் மூடி, மட்டையைக் கீழால் விட்டு, பின்கதவைத் திறந்து, வெளியில் விடுகிறார். கதவு திறந்து மூட ஒரு நிமிஷம். ஹீட்டிங் எல்லாம் தோட்டத்துக்கு.

"வெளியிலை விட்டால் குளிரிலை சாகும் மச்சாள்."

"அது அதுக்கும் குளிருக்கும் உள்ள கதை" என்றார்.

30-10-1989, திங்கள்

கந்தசஷ்டி தொடங்கிவிட்டது. மச்சாள் ஆறு நாளும் பாலும் பழமும். காலையில் என்னிடம் வந்து, "கலா, இந்த ஆறு நாளும் குசினியிலை கொலை வேண்டாம்" என்று கேட்டார். கெஞ்சவில்லை, அதிகாரமும் பண்ணவில்லை. உப்புக் கேட்கிற மாதிரிக் கேட்டார். எனக்கு மறுக்க வாய் வரவில்லை.

ஐந்து மணிக்கு நான் பாண் பக்டரிக்கு வெளிக்கிடும்போது தேத்தண்ணி மேசையில் இருந்தது. வெறும் வயிற்றோடு எழும்பிப் போட்டு வைத்திருக்கிறார். காலில் போடுகிற என்னுடைய சப்பாத்தும் ரேடியேட்டருக்குப் பக்கத்தில் சூடாக இருந்தது. அதை அங்கே வைத்ததும் அவர்தான்.

1-11-1989, புதன்

பூச்சிகளுக்கும் விரதம் விளங்கிவிட்டது. தலைக்கு மேலால் ஊர்வலம் போகின்றன. என்னுடைய கை செருப்புக்குப் போய் போய்த் திரும்புகிறது. இவர் பேப்பரைச் சுருட்டுகிறார், அக்காவைப் பார்க்கிறார், விரித்து வாசிக்கிறார். ஒரே பக்கத்தை நாலு தரம்.

4-11-1989, சனி

சூரன்போர். கோயிலில் ஒரே சனம். சாப்பாட்டு வரிசையில் ராஜி எனக்கு முன்னால். ராஜி என்னோடு பக்டரியில் ஒரே ஷிப்ட், வாய் மூடாத மனுசி. நேற்று வேலையில் என் கோட்டுப் பையில் இருந்து ஒரு அந்து எழும்பிப் பறந்ததை அவ கண்டுவிட்டா. பாண் கட்டுகிற இடத்தில் அந்து என்றால் என்ன பேச்சு வாங்க வேண்டும். நல்ல காலம் சுப்பர்வைசர் காணவில்லை.

"உதென்னடி உன்ர பொக்கற்றுக்குள்ளை?" என்று கேட்டா.

எனக்கு வெட்கம். வெட்கம் வந்தால் எனக்குப் பகிடி வரும். "எங்கட மச்சாளுக்கு விசா எடுக்க ரெண்டு வருசம் அலைஞ்சனாங்கள். அவவின்ர அந்து விசாவும் எடுக்கேல்லை, ரிக்கற்றும் எடுக்கேல்லை. ஒடியலுக்குள்ளை படுத்து வந்திட்டுது" என்றேன்.

ராஜி சிரித்ததில் அவவுடைய பாயசம் பக்கத்து மனுசியின் சேலையில். பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். நான் இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன், கீத்ரோ எயார்போட்டில் அந்து வரிசையில் நின்ற கதை எல்லாம். சூரனைவிட எனக்குத்தான் கூட்டம்.

மச்சாள் இரண்டு ஆள் தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கேட்டதோ தெரியாது.

10-11-1989, வெள்ளி

டீவியில் ஜேர்மன்காரர் சுவரில் ஏறி நின்று உடைக்கிறார்கள். நான் எங்கள் சுவரைப் பார்த்தேன். இரண்டு.

15-11-1989, புதன்

பூச்சி குறைகிறது. நேற்று ஒன்று. இன்று ஒன்றும் இல்லை. பூச்சி உருண்டைக்கு வெற்றி. இவருக்கு என் கெட்டித்தனத்தை நாலு தரம் சொன்னேன். மச்சாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

22-11-1989, புதன்

போன மாதம் எழுதிப் போட்டதற்கு இன்றுதான் கவுன்சிலில் இருந்து பூச்சிக்காரர் வந்தார். நல்ல வெள்ளைக்கார மனுசன், சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். குசினி முழுக்க டோர்ச் அடித்துப் பார்த்தார். மருந்தால் இது முடியாது, இது மாவில் பிறக்கிற சாதி, எங்கேயோ ஒரு சாப்பாட்டுச் சாமான் கிடக்கிறது, அதைக் கண்டுபிடித்து எறிந்தால் சரி என்றார். என் இங்கிலீசுக்கு ஏற்றபடி மெதுவாகத்தான் சொன்னார்.

பிறகு கேட்டார், வீட்டில் வேறு எங்காவது, சூடான இடத்தில், சாப்பாட்டுச் சாமான் வைத்திருக்கிறீர்களா என்று.

நான் இல்லை என்றேன்.

மேலே, குளிக்கிற இடத்துக்குப் பக்கத்தில், துவாய்க்கு நடுவில் மிளகாயும் வடகமும் வைத்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? கட்டையில் ஏறும் வரைக்கும் அந்த மனுசன் அதை நினைத்துச் சிரிக்காதா? மற்றது, அதெல்லாம் மூடின போத்தல்.

மச்சாள் படியில் நின்றவர். வாயைத் திறந்தார். பிறகு மூடிவிட்டார். அவருக்கு இங்கிலீசு நன்றாக விளங்கும், ஊரில் தபால் கந்தோரில் வேலை பார்த்தவர்.

17-12-1989, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை எப்படி எழுதுகிறது.

யோகராஜாவும் வசந்தமலரும் வந்தார்கள். வந்து இருந்து தேத்தண்ணி குடித்தபிறகு யோகராஜா தொண்டையைச் செருமினார். "அக்காவை நாங்கள் எங்களிட்டைக் கூட்டிக்கொண்டு போறம். அங்கை ஒரு அறை சும்மா கிடக்கு" என்றார். இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன்.

வசந்தமலர்தான் விஷயத்தை உடைத்தா. "அக்கா, உங்கட பகிடி சட்டன் வரைக்கும் வந்திட்டுது. போன கிழமை அப்டன் பார்க் கடையிலை மச்சாள் கறிவேப்பிலை வாங்கேக்கை, கல்லாவிலை நிண்ட ஆள் கேட்டவனாம், 'நீங்கள்தானே அம்மா பூச்சி கொண்டுவந்த மச்சாள்' எண்டு. கடை முழுக்கச் சிரிச்சவையாம்."

அன்றைக்கு மச்சாள் கறிவேப்பிலை இல்லாமல் வந்தார். முடிந்துவிட்டது என்று சொன்னார். நான் இரண்டு நாள் கறிவேப்பிலை இல்லாமல் சமைத்துவிட்டு, கடைக்காரனைப் பேசினேன்.

"மச்சாள், அது சும்மா பகிடிக்கு..." என்றேன்.

"தெரியும்" என்றார். "நேற்று மார்கழி பிறந்திட்டுது. மார்கழியிலை குடி போகக்கூடாது. தைப்பொங்கலண்டு வாறன் தம்பி."

அவ்வளவுதான். எழும்பிப் போய்க் கோப்பைகளைக் கழுவினார்.

18-12-1989, திங்கள்

நான் என்ன பொய்யே சொன்னனான்? பெட்டியோடைதானே வந்தது. இல்லாட்டி எங்காலை வந்தது? எல்லாரும் சிரிச்சவை. சிரிச்ச ஆக்களிலை பிழை இல்லை, சொன்ன ஆளிலை மட்டும் பிழையோ? இனி ஊரெல்லாம் என்ன சொல்லும் — கலாவதி புருஷன்ர அக்காவைப் பூச்சி சொல்லிக் கலைச்சவள். இதுக்கு மேலை ஒரு பகிடியும் வேண்டாம் எனக்கு.

நேற்று எழுதாமல் விட்டது ஒன்று. அவர் போகிறேன் என்று சொன்ன உடனே என் மனதில் முதல் வந்தது, இனிப் பின்கதவு மூடியிருக்கும் என்பதுதான். இரண்டாவதாக வந்தது சப்பாத்து.

25-12-1989, திங்கள்

நத்தார். லீவு. வீடு சுத்தம், பூச்சி இல்லை, பேச்சும் இல்லை. இவர் டீவியை எரிச்சலோடு பார்க்கிறார், டீவி பிழை செய்தது மாதிரி. மச்சாள் தன்னுடைய தம்ளரைக் கழுவி, துடைத்து, பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

3-1-1990, புதன்

கண்டுபிடித்துவிட்டேன்.

திருவெம்பாவை நேற்றுத் தொடங்கியது. மச்சாள் விடியவே குளிப்பார். சுடுதண்ணி காணாது என்று, நான் வேலைக்குப் போக முதல் தாங்கிக்கு மேலதிகமாகச் சூடு போடுவோம் என்று அலுமாரிக்குள் கையை விட்டேன். சுவிச் தாங்கிக்குப் பின்பக்கம். கையில் மெத்தென்று ஒன்று பட்டது. இழுத்தேன். தலையணை உறை. நீலப் பூப்போட்ட உறை. என்னுடைய உறை.

உறைக்குள் மா. மா அசைகிறது.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. போன வருடம் ஊரில் இருந்து கப்பல் வராது, சிவப்புப் பச்சரிசி வராது என்று ஒரு கதை. இவர் ஒரு மூடை போதும் என்றார். நான் இரண்டு வாங்கினேன். இரண்டாவதை இவருக்குத் தெரியாமல் ஊற வைத்து, இடிப்பித்து, வறுத்து, இந்த உறையில் போட்டு, தாங்கிக்குப் பின்னால் ஒளித்தேன். சூட்டில் இருந்தால் மா பழுதாகாது என்ற கெட்டித்தனம். பிறகு கப்பல் வந்தது. நான் மறந்துவிட்டேன். லண்டனில் அந்துக்கு இதைவிட நல்ல அறை யார் கொடுப்பார்கள்? ஹீட்டிங் இருக்கு, சாப்பாடு இருக்கு, ஒரு வருடமாக ஒருவரும் கதவு தட்டவில்லை.

இன்னும் ஒன்று. நான் அந்த உறையின் வாயைச் சும்மா மடித்துத்தான் வைத்தேன். இப்போது அது இறுக்கிக் கட்டியிருக்கிறது. இரண்டு சுற்று, நல்ல முடிச்சு. கட்டியிருக்கிற துண்டு வெள்ளைச் சேலையின் கரை. இந்த வீட்டில் வெள்ளைச் சேலை கட்டுகிறவர் ஒருவர்தான்.

அப்ப பூச்சி குறைஞ்சது பூச்சி உருண்டையாலை இல்லை.

வேலைக்குப் பிந்திப் போனேன்.

4-1-1990, வியாழன்

பின்னேரம் இவர் இல்லாத நேரம் மச்சாளிடம் போனேன். உறையைக் கறுப்புக் குப்பைப் பைக்குள் போட்டுக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் பார்த்தார். பிறகும் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார்.

"எப்ப கண்டனீங்கள்?" என்றேன்.

"சூரன்போர் முடிஞ்ச மற்ற நாள். துவாய் எடுக்கப் போகேக்கை."

அதாவது நான் கோயிலில் பகிடி விட்ட மற்ற நாள்.

"ஏன் எறியேல்லை?"

"நீ ஒளிச்சு வைச்ச மா. நான் எப்பிடி எறியிறது? வந்திருக்கிற வீட்டிலை மாப்பானையிலை கை வைக்கக்கூடாது. வாயை மட்டும் கட்டினன்."

"ஏன் மச்சாள் சொல்லேல்லை? எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

அவர் பாக்குவெட்டியைக் கீழே வைத்தார். "நீ சிரிச்சுக்கொண்டு நிண்டனி. சிரிக்கிற ஆளை எங்கை மறிக்கிறது? சொன்னாலும், மச்சாள் என்ர அலுமாரி கிண்டினவ எண்டு அதுக்கும் ஒரு கதை வைச்சிருப்பாய். அது பூச்சிக் கதையைவிட நல்லாய் ஓடியிருக்கும்."

ஓடியிருக்கும். நான் அந்தக் கதையை என் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். நல்ல கதைதான். எங்கே நிறுத்த வேண்டும் என்பதுகூடத் தெரிந்தது.

"நீங்கள் போகவேண்டாம்" என்றேன்.

"வாறன் எண்டு தம்பிக்குச் சொல்லிப்போட்டன்" என்றார்.

7-1-1990, ஞாயிறு

இவருக்குச் சொன்னேன். முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்து, "இரண்டாவது மூடையோ?" என்றார். அக்கா போகிறது, நான் அவமானப்படுகிறது, கடைக்காரன் சிரிச்சது, ஒன்றும் இந்த மனுசனின் காதில் ஏறவில்லை. இரண்டாவது மூடை மட்டும் ஏறியது.

பிறகு படுக்கப் போகிற நேரம், "எல்லாற்றை முன்னாலையும் நீதான் சொன்னனி. எல்லாற்றை முன்னாலையும் நீதான் திருப்பிச் சொல்லவேணும்" என்றார். கல்யாணம் கட்டின இந்த இருபத்திரண்டு வருடத்தில் இவர் சரியாகச் சொன்னது இது இரண்டாம் தரம்.

உறையைக் குப்பைப் பையோடு கராஜுக்கு வெளியில் வைத்திருக்கிறேன். உறைபனி பிடித்தால் உள்ளே இருப்பதெல்லாம் செத்துப்போகும். பிறகு கவுன்சில் குப்பைமேட்டில் எறியலாம்.

12-1-1990, வெள்ளி

உறைபனி பிடிக்கவில்லை. மற்ற வருடங்களில் தண்ணிக் குழாய் வெடிக்கும். இந்த வருடம் பங்குனி மாதிரி இருக்கிறது. எனக்கென்று ஒரு குளிர்கூட வராது.

பக்டரியில் ராஜிக்குச் சொன்னேன். "அந்து என்ரை. மச்சாளின்ரை இல்லை. நான் ஒளிச்ச மாவிலை வந்தது." ராஜி சிரித்துச் சிரித்துப் பாண் மெஷினைப் பிடித்துக்கொண்டா. "அடுத்த பாகமோ?" என்று கேட்டா.

"உண்மையடி."

"நீ முகத்தை இப்பிடி வைச்சுக்கொண்டு சொல்லேக்கைதான் எனக்குக் கூடச் சிரிப்பு."

நான் இனி எந்த முகத்தை வைக்கிறது?

14-1-1990, ஞாயிறு — தைப்பொங்கல்

காலையில் வீட்டில் பொங்கினோம். மச்சாள்தான் அரிசி போட்டார். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. குசினியில் கிழக்கு எது என்று இவரும் நானும் பத்து வருடமாகச் சண்டை. இன்று சண்டை பிடிக்கவில்லை.

இரண்டு மணிக்குச் சட்டனுக்கு வெளிக்கிட்டோம். காரின் பின்பெட்டியில் மச்சாளின் பெட்டி. பக்கத்தில் கறுப்புக் குப்பைப் பை. போகிற வழியில் குப்பைமேட்டில் எறியலாம் என்று இவர் ஏற்றினார். ஞாயிறு பின்னேரம் குப்பைமேடு பூட்டு என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. அப்படியே சட்டனுக்குப் போனோம்.

வசந்தமலர் வீடு புதுசாகச் செய்திருக்கிறது. ஹோலில் பால்நிறக் காப்பெற், சுவரில் ரோசாப்பூப் போட்ட புதுத் தாள். ஹீட்டிங் அப்பம் சுடலாம் போல. இருபது பேருக்கு மேல். ராஜியின் குடும்பமும் வந்திருந்தது. நல்லது, ஒரே வேலையாகப் போகும் என்று நினைத்தேன்.

யோகராஜா வாசலில் நின்று, "அண்ணை, ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகுகாலம். அதுக்கு முதல் பெட்டியை இறக்கவேணும்" என்றார். அப்போது மணி நாலு.

நான் ஹோலின் நடுவில் போய் நின்றேன். "எல்லாருக்கும் ஒண்டு சொல்லவேணும். அந்து மச்சாள் கொண்டுவந்தது இல்லை. நான் ஒரு மூடை அரிசியை மாவாக்கி, இவருக்கு ஒளிச்சு, தலையணை உறைக்குள்ளை போட்டு, சுடுதண்ணித் தாங்கிக்குப் பின்னாலை வைச்சு மறந்திட்டன். மச்சாள் கண்டவ. எனக்கு வெக்கம் வரக்கூடாது எண்டு சொல்லேல்லை."

ஹோல் சிரிப்பில் வெடித்தது. ராஜி கதிரையில் இருந்து வழுக்கினா. யோகராஜா கண்ணைத் துடைத்தார். "அண்ணி, தலையணை உறையெண்டது திறம். எங்காலை உங்களுக்கு உதெல்லாம் வருது?"

"உண்மை" என்றேன்.

இன்னும் சிரித்தார்கள்.

மச்சாள் மூலைக் கதிரையில் மடியில் கை வைத்து இருந்தார். அவரையும் பார்த்துச் சிலர் சிரித்தார்கள், நல்லெண்ணத்தோடுதான். அதுதான் எனக்குத் தாங்க ஏலாமல் போனது. பழைய கதைக்கு இன்னும் ஒரு வால் போட்டுக் கொடுத்திருக்கிறேன். மணி நாலு பத்து. யோகராஜா பெட்டியை இறக்க, இவரிடம் காரின் பூட்டுத் திறப்பைக் கேட்டுக் கையை நீட்டினார். திறப்பை நான் வாங்கினேன். போய், பெட்டியை விட்டுவிட்டுப் பையை எடுத்தேன். கொண்டுவந்து ஹோலின் நடுவில் வைத்து, பையைக் கிழித்து, உறையைத் தூக்கிக் காட்டினேன்.

"இது ஆற்றை உறை? வசந்தமலர், நீதானே கேட்டனி, நீலப்பூ எங்கை வாங்கினனீங்கள் எண்டு?"

வசந்தமலர் உற்றுப் பார்த்தா. சிரிப்பு நின்றது. "ஓம். அக்காவின்ர உறைதான்."

"முடிச்சைப் பாருங்கோ. மச்சாளின்ர சேலைக் கரை. உள்ளுக்குப் பாருங்கோ" என்று அவிழ்த்தேன். இதற்கு அவசியம் இருந்ததோ தெரியாது. ஆனால் கை அவிழ்த்துவிட்டது. எல்லோரும் சுற்றி நின்று எட்டிப் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. யாரோ ஒரு மனுசி "சிவசிவா" என்றா. ராஜி எழும்பி மச்சாளின் பக்கத்தில் போய் நிலத்தில் இருந்துகொண்டு, "அம்மா, நான்தான் கடைக்காரனுக்குச் சொன்னனான்" என்று அழுதா. பாயசத்தை விட வேறு ஒன்றை அவ சிந்தி நான் பார்த்தது அதுதான் முதல் தரம்.

நான் மச்சாளின் முன்னால் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க எனக்குப் பழக்கம் இல்லை. "கறிவேப்பிலை நாளைக்கு நானும் நீங்களும் போய் வாங்குவம்" என்றேன். "அந்தக் கடையிலைதான்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "நாலரை தாண்டிட்டுது. ராகுகாலம். இனிப் பெட்டி இறக்கேலாது" என்றார்.

யோகராஜா, "ஆறு மணிக்கு இறக்கலாம் அக்கா" என்றார்.

ஆறு மணிக்கு முதலே மச்சாள் காரில் ஏறி, பின்சீற்றில் இருந்து, கோட்டுப் பொத்தான் எல்லாம் போட்டுவிட்டார். வீடு வரும் வழியில் இவர் மட்டும் ஒரு தரம், "இரண்டாவது மூடை" என்று தனக்குள் சொன்னார்.

15-1-1990, திங்கள்

கறிவேப்பிலை வாங்கினோம். கல்லாக்காரனுக்கு நான் முழுக் கதையும் சொன்னேன். மச்சாள் ஒரு இடத்தில் மறித்து, "வாங்கினது ஒரு மூடை இல்லை, ரெண்டு" என்று திருத்தினார்.

25-1-1990, வியாழன்

புயல். எங்கள் வேலி பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. பக்கத்து வீட்டின் குப்பைவாளி எங்களிடம் வந்துவிட்டது. சரிக்குச் சரி.

தாங்கி அலுமாரிக்குள் இப்போது துவாய் மட்டும். மிளகாய் ஈரம் பிடிக்கிறது.

17-2-1990, சனி

காலையில் சட்டனில் இருந்து வசந்தமலர் போன் எடுத்தா. ஹோலில், புதுச் சுவர்த்தாளில், கறுப்பாக ஒன்று இருந்ததாம். யோகராஜா அது கராம்பு என்று சொன்னாராம். அவ செருப்பால் அடித்தாவாம்.

கராம்பு இல்லையாம்.

மச்சாள் பெட்டியைத் திறந்து தம்ளரையும் மட்டையையும் எடுத்துத் துடைத்து வைத்தார். அடுத்த ஞாயிறு சட்டனுக்குப் போகிறோம்.